வீட்டுத் தூசி: உறிஞ்சி எடுப்பதா, துடைத்து எடுப்பதா?

வீட்டுத் தூசியில் தாலேட் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் ரசாயனம்) எவ்வளவு என்று ஆய்வகத்தில் பார்க்க, தூசி மாதிரியை உறிஞ்சியும் எடுக்கலாம், துடைத்தும் எடுக்கலாம். சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனும் வீடும் ஒரே சுவரை ஒட்டி இருக்கும். அந்த வீடுகளில் வேக்குவம் க்ளீனரால் தூசி எடுத்தால் பஞ்சுதான் நிறைய வரும். நுண்தூசியைப் பிரிக்க 150 மைக்ரான் (0.15 மி.மீ.) துளையுள்ள சல்லடையில் கொட்டினால், பஞ்சு மெத்தை மாதிரி படிந்து நுண்தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பொறுமையாகத் தட்டித் தட்டித்தான் இறக்க வேண்டும். ஆனாலும் என் ஓட்டு உறிஞ்சி எடுப்பதற்கே. தவழும் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குப் போவது அந்த நுண்தூசிதான். ஒரு கிராம் தூசியில் எத்தனை மைக்ரோகிராம் தாலேட் இருக்கிறது என்று இதில் சொல்ல முடியும்.

துடைப்பது சுலபம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காஸ் துணியால் (காயத்துக்குக் கட்டும் மெல்லிய துணி), அளந்து குறித்த இடத்தைத் துடைத்தால் போதும், சல்லடையே வேண்டாம். பீரோ மேல், ஜன்னல் திட்டு என்று தூசி கொஞ்சமாக உள்ள இடத்துக்கு இதுதான் சரி. ஆனால் ஈரத்துணியில் தூசியின் எடை பிடிபடாது. சதுர மீட்டருக்கு எவ்வளவு என்ற கணக்குதான் கிடைக்கும். சொரசொரப்பான சிமெண்ட் திண்ணையில் துணியும் பிய்ந்துவிடும்.

எப்படி எடுத்தாலும் பிளாஸ்டிக் டப்பா மட்டும் வேண்டாம், அதிலிருந்தே தாலேட் தூசியில் கலந்துவிடும். பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். அப்புறம், துடைத்து எடுத்தால், எதையும் துடைக்காத துணி ஒன்றையும் கூடவே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்; துணியிலேயே தாலேட் இருந்தால் தெரிந்துவிடும்.