கஷ்ட காலத்தில் ரக்பி லீக் கிளப்பைத் தாங்குவது யார்? முதலாளி, ரசிகர், லீக்ஸ் கிளப்: ஓர் அலசல்

2020 மார்ச் 23 அன்று கொரோனாவால் ஆஸ்திரேலியாவில் என்ஆர்எல் என்ற தொழில்முறை ரக்பி லீக் போட்டிகளை நிறுத்தினார்கள். அப்போது இரண்டு சுற்றுகள்தான் முடிந்திருந்தன. மைதானம் பூட்டிக் கிடக்கும் காலத்தில் சீசன் டிக்கெட் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதா, கிளப்பிடமே விட்டுவிடுவதா என்ற கேள்வி என்னைப் போன்ற உறுப்பினர்கள் முன்னால் வந்து நின்றது. நான் விட்டுவிட்டேன். பாசம் ஒரு காரணம்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன்: இந்த மாதிரி கிளப் பிழைக்குமா, நான் விடும் பணம் கிணற்றில் போட்ட கல்லாகிவிடுமா?

சிட்னியின் மேற்குப் பக்கம், வென்ட்வொர்த்வில் பகுதியில் இருக்கிறேன். தமிழ்க் கடைகளும் தமிழ்க் குடும்பங்களும் நிறைந்த வட்டாரம் இது. பக்கத்து ஊர் அணி பரமாட்டா ஈல்ஸ். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஊர்க்காரர்களே உறுப்பினர்களாக இருக்கும் லீக்ஸ் கிளப் என்ற உள்ளூர் மன்றம் தாங்கிப் பிடிக்கும் அணிக்குத்தான் என் ஓட்டு.

ரக்பி லீக் தெரியாதவர்களுக்கு: ஒரு பக்கம் 13 பேர் ஆடுவது. 15 பேர் ஆடும் ரக்பி யூனியன் வேறு. தொழில்முறையில் பெரிய அளவில் நடப்பது இரண்டு இடங்களில். ஒன்று ஆஸ்திரேலியாவின் என்ஆர்எல், இன்னொன்று வட இங்கிலாந்தை மையமாகக் கொண்ட சூப்பர் லீக். ஆட்டம் நின்றால் டிக்கெட் வரவு நிற்கும், ஸ்பான்சர் தயங்குவார், வீரர் சம்பளம் மட்டும் நிற்காது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த ஓட்டையை அடைக்க யார் வருகிறார்கள் என்பதில்தான் கிளப்புக்குக் கிளப் வித்தியாசம்.

முதலில் ஒற்றை முதலாளி. இதில் நல்ல உதாரணங்களும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் கென் டேவி 1990-களின் நடுவிலிருந்து கிளப்பைத் தாங்கி வந்திருக்கிறார். அவர் அந்த வட்டாரத்து ஆள். பணக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் ஒரே நாளில் பிரச்சினை தீரும். கமிட்டி, ஓட்டெடுப்பு எதுவும் வேண்டாம். அந்த வேகம் மற்ற இரண்டு வகைகளுக்கும் கிடையாது.

ஆனால் டொரொன்டோ வுல்ஃப்பேக்கைப் பாருங்கள். சுரங்கத் தொழிலில் சம்பாதித்த டேவிட் ஆர்கைல் பணத்தில் கனடாவிலிருந்து இங்கிலாந்து லீக்கில் ஆட வந்த அணி. 2017-இல் மூன்றாம் நிலையில் தொடங்கி, 2020-இல் சூப்பர் லீக்குக்கே ஏறிவிட்டது. நியூசிலாந்து ரக்பி நட்சத்திரம் சோனி பில் வில்லியம்ஸை ஒப்பந்தம் செய்து உலகமே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். தொலைக்காட்சிப் பணத்தில் பங்கு கிடையாது என்ற நிபந்தனைக்குச் சம்மதித்துத்தான் மேலே வந்தார்கள். டொரொன்டோ குளிரில் வசந்தம் வரும்வரை அங்கே ஆட முடியாது என்பதால் முதல் ஆட்டங்கள் எல்லாம் இங்கிலாந்தில். சொந்த ஊரில் முதல் ஆட்டம் ஏப்ரலில் நடக்க வேண்டியது. மார்ச்சிலேயே எல்லாம் நின்றுவிட்டது. அந்த வருடம் சொந்த மைதானத்தில் ஒரு டிக்கெட்கூட விற்காமல், டிவி பணமும் இல்லாமல், ஒரு மனிதரின் பையை மட்டும் நம்பி நின்ற கிளப் அது. ஜூலை 20 அன்று சீசனின் மீதியில் ஆட முடியாது என்று அறிவித்தார்கள். வீரர்களுக்குச் சம்பளம் பாக்கி. வாங்க வேறொருவர் முன்வந்தபோதும் மற்ற கிளப்கள் நவம்பரில் ஓட்டுப்போட்டு வேண்டாம் என்றுவிட்டன.

கொரோனாவால்தான் இப்படி ஆனது என்று சொல்லிவிடலாம். அதனால் கொரோனா இல்லாத ஓர் உதாரணத்தையும் வைக்கிறேன். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நைட்ஸ் அணியை 2011-இல் நிலக்கரி அதிபர் நேதன் டிங்க்லருக்குக் கொடுக்க உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டார்கள். 10 ஆண்டுகளில் 10 கோடி டாலர் என்று பேச்சு. பெயர்பெற்ற வெய்ன் பென்னட்டையே பயிற்சியாளராகக் கூட்டிவந்தார். நிலக்கரி விலை சரிந்தது, அவர் கணக்கும் சரிந்தது. ஒப்பந்தத்தில் இருந்த வங்கி உத்தரவாதத்தை அவரால் புதுப்பிக்க முடியவில்லை. 2014-இல் கிளப் கைமாறி என்ஆர்எல் நிர்வாகத்துக்குப் போனது. ஓட்டுப் போட்ட உறுப்பினர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. உத்தரவாதம் கேட்டு வாங்கிய அளவுக்காவது விவரமாக இருந்தார்கள். அது இல்லாமல் இருந்திருந்தால் பிடுங்குவதற்குக்கூடப் பிடி கிடைத்திருக்காது.

அடுத்தது ரசிகர் பலம். இதைப் பற்றி உருக்கமாகப் பேசுவது சுலபம், எனக்கும் ஆசைதான். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் புல்ஸ் 1997, 2001, 2003, 2005 ஆண்டுகளில் சூப்பர் லீக் பட்டம் வென்ற அணி. 2012 வசந்தத்தில் "10 லட்சம் பவுண்ட் வேண்டும், அதில் பாதி உடனே வேண்டும்" என்று பொதுமக்களிடம் கையேந்தியது. அந்தப் பாதியை ரசிகர்கள் சில வாரங்களில் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆனாலும் ஜூன் மாதமே கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது. 2014-இல் மறுபடியும், 2016 கடைசியில் மூன்றாவது முறையும். 2017 ஜனவரியில் பழைய நிறுவனம் கலைக்கப்பட்டு, புதுக் கிளப் ஒன்று 12 புள்ளி கழிவோடு கீழ்நிலையில் தொடங்கியது.

சிட்னியில் சவுத்ஸ் (சவுத் சிட்னி அணி) கதையும் இதே பாடம்தான், கொஞ்சம் இனிப்பாக. 1999 சீசன் முடிந்ததும் லீக்கிலிருந்து வெளியே தள்ளப்பட்ட அந்த அணிக்காக 2000 நவம்பரில் சுமார் 80,000 பேர் தெருவில் இறங்கினார்கள். 2002-இல் திரும்பி வந்தார்கள். ஆனால் வந்தபிறகு சம்பளம் கொடுக்கத் திணறி, 2006-இல் உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு 75 சதவீதத்தை நடிகர் ரஸ்ஸல் குரோவுக்கும் பீட்டர் ஹோம்ஸ் ஆ கோர்ட்டுக்கும் 30 லட்சம் டாலருக்கு விற்றார்கள். கூட்டம் கிளப்புக்கு லீக்கில் இடத்தை வாங்கித் தந்தது, மாதா மாதம் சம்பளத்தைத் தர முடியவில்லை. ரசிகர் பணம் ஒருமுறை பொங்கி வரும். நெருக்கடியோ மாதக்கணக்கில் நீளும்.

சரி, லீக்ஸ் கிளப்புக்கு வருவோம். இது ஆஸ்திரேலியாவுக்கு, அதிலும் நியூ சவுத் வேல்ஸுக்கு உரிய விசித்திரம். ஊருக்குள் ஒரு பெரிய கட்டடம். உள்ளே சாப்பாட்டு இடங்கள், பார், கல்யாண மண்டபம் மாதிரி அரங்குகள், அப்புறம் வரிசை வரிசையாகப் போக்கர் மெஷின்கள் என்ற சூதாட்ட இயந்திரங்கள். வருடச் சந்தா சில டாலர்தான். நம் ஆட்களில் பாதிப் பேர் சாப்பிடவும் பிறந்தநாள் கொண்டாடவும் மட்டும் உறுப்பினர்கள். சட்டப்படி லாபத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. அதனால் மிச்சம் ஊருக்கும் விளையாட்டுக்கும் போகிறது, பெரிய துண்டு ரக்பி லீக் அணிக்கு. பரமாட்டா, பென்ரித், கேன்டர்பரி எல்லாம் இப்படி வளர்ந்தவைதான்.

மற்றவர்கள் இதில் பார்ப்பது போக்கர் மெஷின் வரவை. நான் பார்ப்பது கட்டடம் நிற்கும் நிலத்தை. என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்த ஒரு விஷயம்தான்: கிளப்பைத் தாங்குபவரின் சொத்து அந்த ஊரிலேயே, விட்டுப் போக முடியாதபடி இருக்கிறதா? ஆர்கைலுக்கு டொரொன்டோவில் விளையாட்டு நடந்த லேம்போர்ட் மைதானம் சொந்தமில்லை, அது நகராட்சியுடையது. டிங்க்லரின் சொத்து நிலக்கரி விலையில் இருந்தது. பிராட்ஃபோர்ட் 2012 ஜனவரியில் தன் ஓட்சல் மைதானத்தின் குத்தகை உரிமையை ரக்பி லீக் தலைமையகத்துக்கே விற்றுவிட்டது. கைக்குக் காசு வந்தது, அடமானம் வைக்க எதுவும் மிஞ்சவில்லை. அதற்குச் சில வாரங்களில்தான் அந்தக் கையேந்தல். சால்ஃபோர்ட் ரெட் டெவில்ஸ் 2019-இல் சூப்பர் லீக் இறுதி ஆட்டம், 2020-இல் சேலஞ்ச் கோப்பை இறுதி என்று அழகாக ஆடிய அணி. மைதானத்தில் வெறும் வாடகைக்காரர்கள். 2025 தொடக்கத்தில் சம்பளச் செலவுக்குக் கட்டுப்பாடு விழுந்து, இளம் பையன்களை இறக்கி, செயின்ட் ஹெலன்ஸிடம் 82-0 என்று தோற்றார்கள்.

எதிர்ப்பக்கத்தில் இங்கிலாந்தின் லீட்ஸ் அணியைப் பாருங்கள். ஹெடிங்லி ரக்பி மைதானம் அவர்கள் கையில். கொரோனாவுக்கு முந்தைய வருடம்தான் பார்வையாளர் அரங்குகளைப் புதிதாகக் கட்டி முடித்திருந்தார்கள். 2020 ஆகஸ்ட் 2 அன்று சூப்பர் லீக் ரசிகர்கள் இல்லாமல் மறுபடி தொடங்கியதும் அங்கேதான். நியூகாசிலும் அப்படியே. டிங்க்லர் போனபின் மூன்று வருடம் கடைசி இடத்தில் கிடந்த அணியை 2017 இறுதியில் வாங்கியது அதே ஊரின் வெஸ்ட்ஸ் குழுமம், உறுப்பினர்களுடைய கிளப். அந்த ஊரில் கட்டடங்கள் வைத்திருப்பவர்களால் நஷ்டம் வந்தாலும் ஊரை விட்டு எங்கே போக முடியும்?

இதற்கு இன்னொரு சாட்சி சிட்னியின் பால்மெய்ன். வெஸ்ட்ஸ் டைகர்ஸ் என்பது பால்மெய்னும் வெஸ்டர்ன் சபர்ப்ஸும் சேர்ந்த அணி. ரோசெல் பகுதியில் இருந்த பால்மெய்ன் லீக்ஸ் கிளப் கட்டடம் 2010-இல் மூடப்பட்டது. அதன்பிறகு தன் பங்குப் பணத்தைப் போட அவர்களால் முடியவில்லை. மெல்ல மெல்ல வெஸ்டர்ன் சபர்ப்ஸ் தரப்பின் ஆஷ்ஃபீல்ட் லீக்ஸ் கிளப்பின் கைக்கு அணியின் பெரும்பகுதி போய்விட்டது. ரசிகர்கள் இருந்தார்கள், வரலாறு இருந்தது, கட்டடம் போனதும் குரலும் போனது.

என் கட்சிக்கு எதிரான சாட்சிகளையும் மறைக்கக் கூடாது. 2020 மார்ச் 23 அன்று மதியத்தோடு மதுக்கடைகளையும் இந்த மாதிரிக் கிளப்களையும் மூடச் சொல்லி அரசு உத்தரவு. அதாவது அணி ஆட்டம் நின்ற அதே நாளில் அணியைத் தாங்கும் கட்டடத்தின் வரவும் நின்றது. இரண்டு தூணும் ஒரே நாளில் ஆட்டம் கண்டால் ஒன்று மற்றொன்றைத் தாங்காது. ஜூன் மாதம் கதவைத் திறக்கும்வரை ஜாப்கீப்பர் என்ற அரசின் சம்பள உதவி, ஊழியருக்கு இரு வாரத்துக்கு 1,500 டாலர், பெரிய ஆறுதலாக இருந்தது. இங்கிலாந்தில் அரசு கொடுத்தது அந்நாட்டு ஊழியர் உதவியோடு, விளையாட்டுக்கென்று 1.6 கோடி பவுண்ட். ஆனால் அது கடன், திருப்பிக் கட்ட வேண்டியது.

இன்னொன்று: ஆஸ்திரேலியாவில் உண்மையில் எல்லோரையும் காப்பாற்றியது டிவி பணம். 2018 முதல் என்ஆர்எல் ஒவ்வொரு கிளப்புக்கும் வருடத்துக்குச் சுமார் 1.3 கோடி டாலர் கொடுத்துவந்தது. ஒரு கிளப் வீரர் சம்பளத்துக்கு மொத்தமாகச் செலவிடக்கூடிய உச்சவரம்போ ஒரு கோடியை ஒட்டி. தலைமையிலிருந்து வரும் பணமே வீரர் சம்பளத்தைத் தாண்டிவிடும். அதனால்தான் தலைவர் பீட்டர் வி'லாண்டிஸ் வேறு எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு ஆட்டத்தை மே 28-க்குத் திரும்பக் கொண்டுவந்தார். அவசரப்படுகிறார் என்று அப்போது நானும் முணுமுணுத்தவன்தான். இப்போது அந்தக் கணக்கு புரிகிறது. சூப்பர் லீக்கில் அப்போது உச்சவரம்பு 21 லட்சம் பவுண்ட், தலைமைப் பங்கு அதற்கும் கீழே. அங்கே மைதானக் கதவு திறந்தால்தான் சம்பளம். அதனால் 2020-இல் லீக்ஸ் கிளப் முறை முழுப் பரீட்சை எழுதியது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. தனியார் கையில் இருந்த பிரிஸ்பேன், மேன்லி, சவுத்ஸ் எல்லோரும்தான் தப்பித்தார்கள்.

உறுப்பினர் கிளப் என்றால் நிர்வாகம் சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம். எங்கள் பரமாட்டாவே 2016-இல் சம்பள உச்சவரம்பை மீறி 12 புள்ளி இழந்து, 10 லட்சம் டாலர் அபராதம் கட்டி, லீக்ஸ் கிளப் நிர்வாகக் குழு நீக்கப்பட்டு, வெளியிலிருந்து நிர்வாகி வந்து உட்கார்ந்த கதை உண்டு. ஆனால் கவனியுங்கள், நிர்வாகக் குழு போனது, கிளப் போகவில்லை. கட்டடம் திறந்திருந்தது, அணி ஆடியது. இதையே ஒரு தனி முதலாளிக்கு நடந்ததாக நினைத்துப் பாருங்கள்.

நார்த் சிட்னி பேர்ஸ் மட்டும் என் வாதத்தில் பொருந்தாமல் நிற்கிறது. கோஸ்ஃபோர்ட் மைதானத்தை நம்பிப் பணத்தைத் தொலைத்து, 1999-க்குப் பிறகு மேன்லியோடு இணைக்கப்பட்டு, மேல்நிலையிலிருந்து மறைந்த அணி. நார்த்ஸ் லீக்ஸ் கிளப் மட்டும் இன்றும் நடக்கிறது. கட்டடம் பிழைத்து அணி சாகவும் முடியும். கட்டடத்துக்காரர்களுக்கு அணியைத் தாங்கும் மனமும் வேண்டும்.

போக்கர் மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வரவில் பெரும்பங்கு மேற்குச் சிட்னியின் சம்பளக்காரக் குடும்பங்களிலிருந்து வருகிறது. நம் ஆட்களில் சிலரும் அதில் தொலைந்ததைப் பார்த்திருக்கிறேன். என் அணி நிலைத்திருப்பதில் அவர்கள் பணமும் இருக்கிறது என்பது எனக்கு உறுத்தல்தான். சட்டம் இறுகி அந்த வரவு பாதியானால் சந்தோஷப்படுவேன், அப்போதும் நிலம் இருக்கும்.

இப்போது நான்காவது வகை ஒன்று வருகிறது. அதே பேர்ஸ் பெயர் 2027-இல் பெர்த் நகரில் திரும்புகிறது, மேற்கு ஆஸ்திரேலிய அரசின் பணத்தோடு. பப்புவா நியூ கினி அணிக்கும் ஆஸ்திரேலிய அரசே பெரிய தொகை போடுகிறது. அரசு, ஆர்கைல் மாதிரி ஒரே நாளில் கையை விரிக்காது என்று நம்பலாம். தேர்தல் முடிந்து ஆட்சி மாறும்போது என்ன ஆகும் என்பதற்கு இன்னும் ஓர் உதாரணமும் கிடையாது. பெர்த்தில் இருக்கும் நண்பர் உறுப்பினராகச் சேரலாமா என்று கேட்டார். ஒரு வருடச் சந்தா கட்டலாம், ஐந்து வருடத்துக்கு மொத்தமாகக் கட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.