தேற்றேகாரத்துக்கு ஒரு சிகிச்சை: மனநல ஆலோசனை மையத்தில் ஆறு அமர்வுகள்

எங்கள் ஊரிலுள்ள ஒரு தனியார் மனநல ஆலோசனை மையத்துக்குக் கடந்த இரண்டு மாதங்களில் ஆறு முறை சென்று வந்தேன். ஓர் அமர்வு 45 நிமிடம். கட்டணம் 800 ரூபாய். குளிக்காமல் யாரும் அடுப்பைத் தொடக் கூடாது என்று நான் பிடித்த பிடிவாதத்தால் மகனும் மருமகளும் தனிக்குடித்தனம் போனார்கள். அதன்பின் எனக்குத் தூக்கம் கெட்டு, அதிகாலை மூன்று மணிக்கே நெஞ்சு படபடக்க விழிப்பு வரத் தொடங்கியது.

ஆலோசகர் ஓர் இளம்பெண். அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் 1955-இல் வகுத்த முறையைப் பின்பற்றுகிறார். நிகழ்ச்சி நேராக நம்மைக் கோபப்படுத்துவதில்லை, அதைப் பற்றி நாம் கொண்டிருக்கும் நம்பிக்கைதான் கோபத்தை மூட்டுகிறது என்பது அதன் அடிப்படை. ஒரு தாளில் நிகழ்ச்சி, நம்பிக்கை, விளைவு என்று மூன்று பத்தி போட்டுக் கொடுத்தார். முதல் பத்தியில் “குளிக்காமல் காபி போட்டாள்” என்றும், மூன்றாவதில் “கோபம், இரண்டு நாள் பேசவில்லை” என்றும் உடனே எழுதிவிட்டேன். நடுப்பத்திக்குத்தான் நெடுநேரமாயிற்று. கடைசியில் “குளித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் என்னை மதிக்கவில்லை என்று பொருள்” என்று எழுதினேன். அவர் “குளித்தே” என்ற சொல்லைச் சுற்றி வட்டமிட்டு, “ஐயா, இந்த ‘ஏ’ எதற்கு?” என்று கேட்டார். முப்பது ஆண்டுகள் பள்ளியில் இலக்கணம் நடத்திய எனக்கு, உறுதியை உணர்த்தும் ‘ஏ’ ஆகிய தேற்றேகாரத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் வாயடைத்துப் போனேன்.

“குளித்துவிட்டு வந்தால் எனக்குப் பிடிக்கும்” என்று அதே வாக்கியத்தை மாற்றி எழுதச் சொன்னார். விருப்பம் அப்படியே இருக்கிறது, கட்டளை மட்டும் போய்விடுகிறது. விருப்பம் நிறைவேறாவிட்டால் வருவது வருத்தம், கட்டளை மீறப்பட்டால் வருவது சினம் என்று அவர் பிரித்துக் காட்டியது இந்த ஆறு அமர்வுகளில் நான் பெற்ற மிகப் பெரிய பயன். சென்ற ஞாயிறு மகன் வீட்டில் மருமகள் குளிக்காமலே காபி தந்தார். உறுத்தத்தான் செய்தது, குடித்துவிட்டேன், டிகாஷன் நன்றாகவே இறங்கியிருந்தது. தூக்கமும் இப்போது ஐந்து மணி வரை நீள்கிறது.

“அப்படியானால் மனைவியை அடிக்கவே கூடாது என்பதும் வெறும் விருப்பம்தானா?” என்று நான்காம் அமர்வில் கேட்டேன். விதியை மீறினால் யாருக்குக் கேடு என்று பாருங்கள் என்றார். சரியான விடைதான், ஆனால் அதை விரித்துச் சொல்லாமல் அடுத்த தாளை நீட்டியது எனக்குப் பிடிக்கவில்லை.

குறைகளில் பெரியது அறையின் ஒட்டுப்பலகைத் தடுப்பு. உள்ளே ஒருவர் அழுவது வெளியே காத்திருப்பவருக்குக் கேட்கிறது. என் குரலும் அப்படித்தான் கேட்டிருக்கும். ஒப்புதல் படிவமும் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. கட்டணம் கட்ட இயலாதவர்கள் 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். நான் ஏழாம் அமர்வுக்குப் பதிவு செய்திருக்கிறேன், தடுப்பிலிருந்து தள்ளியிருக்கும் கடைசி அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு.