பியனாலேவா, டிரேட் ஷோவா: காட்பாடியில் ரயில் ஏறுமுன்

கல்யாண போட்டோகிராபருக்கு வருஷத்தில் மூச்சு விடக் கிடைப்பது ஆடியும் மார்கழியும்தான். மேல்விஷாரம், பேர்ணாம்பட்டுப் பக்கத்து நிக்காஹ் ஆர்டர்கள் தமிழ் மாதம் பார்த்து வருவதில்லை. ஆனாலும் முக்கால்வாசி மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். வேலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் எனக்கு அந்த நாட்களில் ஒரு குழப்பம் வரும். கையில் ஒரு முழு நாள், சில ஆயிரம் ரூபாய், கூட வர ஒரு அசிஸ்டென்ட். இதைக் கொண்டுபோய் கேமரா கம்பெனிகளின் டிரேட் ஷோவில் செலவழிப்பதா, பியனாலே என்று சில வருஷங்களுக்கு ஒருமுறை வரும் புகைப்படத் திருவிழாவிலா? இரண்டுக்கும் மாறி மாறிப் போனவன் என்ற முறையில் என் கணக்கைச் சொல்கிறேன். ஹாபிக்குப் படம் எடுப்பவர்களுக்கு இது கொஞ்சம் பொருந்தும், கொஞ்சம் பொருந்தாது.

முதலில் வழி. திருவிழா என்றால் ரயில். காட்பாடியிலிருந்து சென்ட்ரல் 130 கிலோமீட்டர் சொச்சம், வேகமான வண்டி என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். திருவிழா ஒரே கூரைக்குக் கீழே நடக்காது. ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும். சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ, ஆட்டோ, நடை என்று சுற்ற வேண்டும். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் டிரேட் ஷோ என்றால் எனக்கு பஸ்தான் தோது. பூந்தமல்லியில் இறங்கிவிட்டால் போரூர் வழியாக டவுன் பஸ்ஸில் போய்விடலாம். சென்ட்ரல் வரை போய்த் திரும்பி வருவது வீண் சுற்று. போரூர் டிராபிக்கில் மாட்டினால் மட்டும் என்னைத் திட்டாதீர்கள். பெங்களூரில் ஷோ என்றால் தூரம் கூட, ஆனால் தும்கூர் ரோடு கண்காட்சி வளாகம் வரை 2024 நவம்பரிலிருந்து மெட்ரோ ஓடுகிறது. மெஜஸ்டிக்கில் பச்சை லைன் ஏறினால் மாதாவரா வரை மாற வேண்டியதில்லை.

இன்னொன்று, பியனாலே ஒவ்வொரு மார்கழிக்கும் வராது. சென்னை போட்டோ பியனாலே முதலில் நடந்தது 2016ல். இரண்டாவது 2019, மூன்றாவது 2021 டிசம்பரில் தொடங்கி அடுத்த வருஷத்துக்கும் நீண்டது, நான்காவது 2024 டிசம்பரிலிருந்து 2025 மார்ச் வரை. ஆக, கேள்வியே சில வருஷங்களில் எழாது. ஆனால் நடக்கும்போது வாரக்கணக்கில் நடக்கும், போக நாள் பார்க்க வேண்டியதில்லை. டிரேட் ஷோ மூன்று நாளில் முடிந்துவிடும். கடைசி நாள் மத்தியானத்துக்கு மேல் போனால் ஸ்டால்காரர்கள் அட்டைப்பெட்டியில் சாமான் கட்டிக்கொண்டு இருப்பார்கள்.

டிரேட் ஷோவைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் பணம் போகும்.

உள்ளே நுழைந்ததும் கூட்டம் எங்கே இருக்கும் தெரியுமா? மேடையில். மணப்பெண் அலங்காரத்தில் ஒரு மாடல், பக்கத்தில் ஷெர்வானி போட்ட ஒரு பையன், நாலு பக்கமும் சாஃப்ட்பாக்ஸ் விளக்கு. கீழே ஐம்பது பேர் முட்டி மோதி ஒரே படத்தை எடுத்துக்கொண்டு இருப்பார்கள். நானும் எடுத்திருக்கிறேன். அந்த வெளிச்சத்தில் பத்து வருஷத்துப் பழைய கேமராவும் பிரமாதமாகத்தான் எடுக்கும். அங்கே நின்று ஒரு கேமராவை எடை போடுவது, மாட்டுச் சந்தையில் குளிப்பாட்டிப் பொட்டு வைத்த மாட்டைப் பார்த்து விலை பேசுவது போலத்தான்.

நான் செய்வது வேறு. என் மெமரி கார்டைக் கொண்டுபோவேன். கேட்டால் பெரும்பாலான ஸ்டால்களில் போட்டுப் பார்க்க விடுகிறார்கள். கேமராவைக் கம்பியால் மேஜையோடு கட்டியிருப்பார்கள், பரவாயில்லை. மேடைப் பக்கம் திருப்பாமல், ஹாலின் இருட்டு மூலையில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன் முகத்துக்கு ஃபோகஸ் வைப்பேன். அடுத்து, ஏதாவது ஒரு ஸ்டாலின் எல்இடி வால், அதாவது சுவர் அளவுக்கு நிற்கும் எல்இடி திரை, அதன் பக்கம் திருப்புவேன். இப்போது நம் ஊர் ரிசப்ஷன் மேடைகளில் பூ ஜோடனைக்குப் பதிலாக எல்இடி வால்தான் பின்னால் நிற்கிறது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப் லைட் மாதிரியான விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்கும், ஷட்டரை 1/50, 1/100 என்று வைத்தால் தப்பித்துக்கொள்ளலாம். எல்இடி வாலுக்கு அந்தச் சூத்திரம் செல்லாது, அதன் மினுக்கல் வேகம் தனி. சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் வரி வரியாகப் படிப்பதால் மாப்பிள்ளை முகத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். எந்த கேமரா பாடியில் எவ்வளவு விழுகிறது என்பதை எந்த பிரோஷரும் சொல்லாது. இரண்டு நிமிஷத்தில் என் கார்டில் ஆதாரம் கிடைத்துவிடும். சோனி ஏ9 மார்க் 3 முழு சென்சாரையும் வரி வரியாக இல்லாமல் ஒரே நேரத்தில் படிப்பது என்பதால் இந்தப் பட்டை அதில் பெரிய தொல்லை இல்லை. ஆனால் அந்த விலைக்கு நான் இரண்டு சீசன் வேலை பார்க்க வேண்டும்.

மெகாபிக்சல் பேச்சில் மயங்க வேண்டாம். நாம் போடும் ஆல்பம் ஷீட் 12×36 அங்குலம். ஒரே படத்தை ஷீட் முழுக்க விரித்தால், 24 மெகாபிக்சல் கேமராவின் 6000 பிக்சல் அகலம் அங்குலத்துக்கு 167 பிக்சல் என்று வரும். 33 மெகாபிக்சல் சோனி ஏ7 மார்க் 4ல் 7008 பிக்சல், அங்குலத்துக்கு 195. மடியில் வைத்துப் புரட்டும் ஆல்பத்தில் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்த ஒரு கஸ்டமரை நான் இதுவரை பார்க்கவில்லை.

ஷோ ஆஃபர் என்ற பெயரில் நான் ஏமாந்ததும் உண்டு. ஒரு சின்ன ஸ்டாலில் பாதி விலை என்று ஒரு எல்இடி லைட் வாங்கினேன். துண்டுச் சீட்டில் பில். மூன்றாவது கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் அணைந்தது. சீட்டில் இருந்த நம்பருக்கு அடித்தால் ரிங் போகிறது, எடுக்க ஆள் இல்லை. அன்றிலிருந்து ஜிஎஸ்டி பில் இல்லாமல் பேட்டரிகூட வாங்குவதில்லை.

பிறகு எதற்குத்தான் டிரேட் ஷோ? ஆல்பம் பிரிண்ட் போட்டுத் தரும் லேப் ஸ்டால்களுக்கு. என்னைக் கேட்டால் அது ஒன்றுக்காகவே பஸ் சார்ஜ் தகும். மெட்டாலிக், மேட், வெல்வெட், கிழியாத தாள் என்று பத்து வகை ஷீட்டைக் கையில் தடவிப் பார்க்கலாம். ஷீட்டை மடக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு விழுகிறதா, பட்டுப் புடவையின் அரக்குச் சிவப்பு அரக்காகவே நிற்கிறதா அல்லது ஆரஞ்சுப் பக்கம் போகிறதா என்பதை போனில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கேமராவைப் பற்றி யூடியூபில் இல்லாத விஷயம் எதுவும் ஸ்டாலில் இல்லை. தாளைப் பற்றி யூடியூபில் ஒன்றுமே இல்லை.

உலகத்தின் கதையும் கிட்டத்தட்ட அதுதான். ஜெர்மனியின் கொலோன் நகரில் 1950ல் தொடங்கிய போட்டோகினா, கேமரா உலகத்தின் கும்பமேளாவாக இருந்தது. 2018க்குப் பிறகு நடக்கவே இல்லை. 2020ல் கொரோனாவால் ரத்தானது, அந்த வருஷக் கடைசியிலேயே காலவரையின்றி நிறுத்துவதாகச் சொல்லிவிட்டார்கள். பிரான்சின் ஆர்ல் நகரில் 1970ல் தொடங்கிய புகைப்படத் திருவிழா இன்றும் கோடைதோறும் நடக்கிறது. புது மாடலைப் பார்க்க விமானம் ஏறத் தேவையில்லாமல் போய்விட்டது. சுவரில் தொங்கும் பிரிண்ட்டைப் பார்க்க இன்னும் நேரில்தான் போக வேண்டியிருக்கிறது. ஆனால் ஜப்பானின் யோகோஹாமாவில் சிபி பிளஸ் என்ற கேமரா காட்சி இன்னும் நன்றாகத்தான் நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள்.

சரி, திருவிழா. பெரும்பாலும் டிக்கெட் இல்லை. விசிட்டிங் கார்டு கேட்க மாட்டார்கள். விற்க வருகிறவர் யாரும் இல்லாததால் பத்து நிமிஷம் ஒரே படத்தின் முன்னால் நிற்கலாம். 2019ல் மெரினா எதிரே ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் சிஷோம் கட்டிய, சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸுக்குள் படங்களை வைத்திருந்தார்கள். வண்ணக் கண்ணாடி ஜன்னல்களையே பாதி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன், அது வேறு விஷயம். நான்காவது பியனாலேயில் வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன் தொகுத்த ‘வானேறும் விழுதுகள்’ இருந்தது. தமிழ்நாட்டுப் போட்டோகிராபர்கள் தங்கள் ஊரையும் தங்கள் மக்களையும் எடுத்த படங்கள். சுவரில் நம் தெரு மாதிரி ஒரு தெருவைப் பார்ப்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

கஷ்டமும் உண்டு. எந்தக் கலைக் கண்காட்சிக்குப் போனாலும் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் விளக்கத்தைப் படித்தால் படமே மறந்துபோகும். நான் முதலில் படம், ஒரு சுற்று முடிந்தபின் எழுத்து என்று வைத்துக்கொண்டேன். சில அரங்குகளில் எனக்கு ஒன்றும் புரியவில்லை, சும்மா வெளியே வந்து டீ குடித்தேன். கால் வலி நிச்சயம். ஒரே நாளில் எல்லா இடத்தையும் முடிக்க நினைத்தால் ஒன்றும் மனசில் நிற்காது. இரண்டு இடம் போதும்.

இந்த இரண்டும் வேண்டாம், ஊருக்குள்ளேயே போதும் என்பவர்களுக்கு ஆகஸ்ட் 19 இருக்கிறது. 1839ல் டகேரோடைப் என்ற ஆரம்பகாலப் புகைப்பட முறையை பிரான்ஸ் அரசு உலகுக்கு அறிவித்த நாள், நமக்கு உலகப் புகைப்பட தினம். மாவட்டத்தில் போட்டோ, வீடியோக்காரர்கள் ஏதாவது ஒரு மண்டபத்தில் கூடுவார்கள், ஐந்தாறு ஸ்டால் இருக்கும், சாப்பாடு பிரமாதமாக இருக்கும். வேறு எதிர்பார்ப்பு வேண்டாம்.

என் முடிவு இப்படி. பாடியோ லென்ஸோ வாங்கப் பணம் தயாராக இருந்தால், அல்லது லேப் மாற்றும் யோசனை இருந்தால், டிரேட் ஷோ. அதுவும் முதல் நாள் காலையில், வாங்க வேண்டியதைச் சீட்டில் எழுதிக்கொண்டு. பணம் இல்லாத வருஷத்தில் அங்கே போனால் ஆசையும் வட்டியும்தான் மிஞ்சும். பியனாலே நடக்கும் மார்கழியில் அதற்குத்தான் போவேன், அசிஸ்டென்ட்டையும் கட்டாயம் அழைத்துப் போவேன்.

போன முறை ஒரு அரங்கில் அவன் ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டான். வீட்டுக்குள் ஒரு பெண், ஜன்னல் வெளிச்சம் மட்டும். முகத்தில் பாதி இருட்டு. பிரிண்ட் கிட்டத்தட்ட என் தோள் உயரம்.

“இன்னாண்ணா, இந்தப் பக்கம் லைட்டே அடிக்கல? நம்ம கஸ்டமர் திருப்பிக் குடுத்துடுவாங்கண்ணா.”

“குடுப்பாங்க” என்றேன். அவன் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தாளின் ஓரத்தைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினான், காவலுக்கு இருந்த அம்மா அதட்டினார்.

தை மாதம் குடியாத்தத்தில் ஒரு கல்யாணம். மணமகள் அறையில் நான் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தபோது பையன் எங்களுடைய இரண்டு எல்இடியையும் அணைத்துவிட்டு, பொண்ணை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து எடுத்திருக்கிறான். நல்ல படம். மேட் தாளில், 12×36 முழு ஷீட்டாகப் போட்டேன். ஆல்பம் வாங்க வந்த பொண்ணின் அம்மா ஒவ்வொரு ஷீட்டாகப் புரட்டிக்கொண்டு வந்தவர் அங்கே நிறுத்தினார்.

“எல்லாம் நல்லா இருக்குதுப்பா. இதுல மட்டும் ஏன் கரண்ட் இல்ல?”