ஹெல்த் பார் இல்லாத மல்யுத்தம்: ஃபயர் ப்ரோ ரெஸ்லிங் வேர்ல்டுடன் சில வருடங்கள்

ஃபயர் ப்ரோ ரெஸ்லிங் வேர்ல்ட் என்ற மல்யுத்த வீடியோ கேமை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: பட்டனைப் போட்டு அமுக்கித் தள்ளுகிற பழக்கம் இருந்தால் இந்த கேமில் அடி வாங்கிக்கொண்டே இருப்பீர்கள். டபிள்யூடபிள்யூஈ கேம்களில் ஊறிய கைக்கு இது முதல் வாரத்திலேயே கடுப்பேற்றும். ஃபயர் ப்ரோவில் பிடி போட பட்டனே கிடையாது. இரண்டு பேர் நெருங்கினால் தானாகவே கைகோத்து மல்லுக்கு நிற்பார்கள். அந்தப் பிடி விழுந்து கால் தரையில் ஊன்றுகிற கணத்தில் பட்டன் விழ வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் ஏறுவது மாதிரிதான், அவசரப்பட்டாலும் ஆகாது, தயங்கினாலும் ஆகாது. கை பழகிய பிறகு வேறு ரெஸ்லிங் கேம் ஆடினால் என்னமோ ஏனோதானோ என்று தோன்றும்.

அடிகள் மூன்று வகை: சின்னது, நடுத்தரம், பெரியது. ஆட்டம் தொடங்கியதும் பெரிய அடிக்குப் போனால் எதிராளி அதை அப்படியே உங்கள் மேல் திருப்பிவிடுவான். முதலில் உதை, அறை, ஹெட்லாக். அவன் கொஞ்சம் தளர்ந்ததும் ஆளைத் தூக்கிப் பின்னால் போடும் சூப்ளெக்ஸ். நன்றாகக் களைத்த பிறகுதான் ஃபினிஷர், அதாவது ஆட்டத்தை முடிக்கும் அடி. நிஜமான மல்யுத்த நிகழ்ச்சியில் ஒரு ஆட்டம் எப்படி மெல்ல ஏறுமோ, அந்த ஏற்றத்தை இந்த விதி ஒன்றே கொண்டுவந்துவிடுகிறது.

இதையெல்லாம் திரையில் காட்டுவது எது? எதுவுமே இல்லை. எவ்வளவு தெம்பு மிச்சம் என்று காட்டும் ஹெல்த் பார் கிடையாது, ஃபினிஷர் மீட்டர் கிடையாது. எதிராளி எவ்வளவு அடிபட்டிருக்கிறான் என்பதை அவன் தரையில் எவ்வளவு நேரம் கிடக்கிறான், எழும்போது எப்படித் தள்ளாடுகிறான் என்று பார்த்துத்தான் கணிக்க வேண்டும். உங்கள் ஆளுக்கும் மூச்சு வாங்கும். அதற்கென்று ஒரு பட்டன் இருக்கிறது, ஓரமாக ஒதுங்கி அதைப் பிடித்து மூச்சைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் இடுப்பை வளைத்துக்கொண்டு நின்றுவிடுவான். போதாததற்கு ‘கிரிட்டிகல்’ என்று ஒன்று. சில அடிகளில் திடீரென்று அந்தச் சொல் திரையில் பளிச்சிடும், அத்தோடு ஆட்டம் முடிந்தது. ஜெயிக்கிற நிலையில் இருந்துவிட்டு இப்படி விழுந்தால் கன்ட்ரோலரைத் தூக்கி எறியத் தோன்றும். ஆனாலும் அந்த பயம் இருப்பதால்தான் கடைசி நிமிடம் வரை முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து ஆடுகிறோம்.

இது இன்று நேற்று வந்த கேம் இல்லை. 1989ல் ஜப்பானில் ஹ்யூமன் என்ற நிறுவனம் பிசி எஞ்சின் என்ற கேம் கருவிக்காக இந்த வரிசையைத் தொடங்கியது. 1994ல் வந்த ஒரு பாகத்தின் கதையை எழுதியவர், பின்னால் கேம் உலகில் பெரிய பெயர் வாங்கிய கோயிச்சி சுடா. அதில் நாயகன் சாம்பியன் ஆகிவிட்டுத் தற்கொலை செய்துகொள்கிறான். மல்யுத்த கேமுக்கு இப்படி ஒரு முடிவு வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்! ஹ்யூமன் மூடப்பட்ட பிறகு வரிசை ஸ்பைக் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. 2005ல் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2க்கு ‘ரிட்டர்ன்ஸ்’ வந்தது. ‘வேர்ல்ட்’ 2017ல் கணினிக்கும், 2018ல் பிளேஸ்டேஷன் 4க்கும் வந்தது. இதிலும் படம் பழையபடி தட்டையான 2டி பொம்மைகள்தான். தூக்கலான கிராபிக்ஸ் கார்டு இல்லாத என் லேப்டாப்பில் முனகாமல் ஓடுகிறது, எனக்கு அது போதும்.

சரி, இத்தனை காலம் இதை வைத்திருக்க உண்மையான காரணத்துக்கு வருகிறேன். நான் இதை ஆடுவதைவிடப் பார்ப்பதுதான் அதிகம். ஒவ்வொரு வீரனுக்கும் ‘லாஜிக்’ என்று ஒரு திரை உண்டு. எதிராளி புதிதாக இருக்கும்போது என்ன அடிப்பான், பாதி களைத்ததும் என்ன, சாகக் கிடக்கும்போது என்ன என்று ஒவ்வொரு நிலைக்கும் தனிப் பட்டியல். ஒவ்வொரு அடிக்கும் ஒரு சதவீதம், கூட்டினால் 100 வர வேண்டும். இந்த அடிக்குப் பிறகு பெரும்பாலும் அந்த அடி என்று தொடுத்தும் வைக்கலாம். கூட்டத்துக்காக எவ்வளவு சீன் போடுவான் என்பதற்கும் ஒரு எண் இருக்கிறது. எல்லாம் வைத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் கணினியிடம் விட்டால், நாம் எழுதிய குணத்தோடு இரண்டு பேர் மோதுவார்கள். முடிந்ததும் ஆட்டம் எப்படி இருந்தது என்று சதவீதத்தில் மதிப்பெண் வரும்.

நான் தாரா சிங்கை உருவாக்கினேன். 1968ல் பம்பாயில் அமெரிக்க வீரர் லூ தெஸ்ஸை வென்ற அதே தாரா சிங். எதிரே மல்யுத்த வீரர் கிங்காங். நம் அப்பா, தாத்தா தலைமுறைக்கு இரண்டும் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்கள். முகம், தோள், தொடை, ஜட்டி என்று துண்டு துண்டாகப் பொறுக்கி, நிறம் கொடுத்து, உடம்பை இழுத்துப் பெருக்கினால் தூரத்திலிருந்து பார்க்க ஜாடை வந்துவிடுகிறது. தாரா சிங்கின் கடைசி நிலைப் பட்டியலில் தலைக்கு மேல் தூக்கிப் போடும் அடிக்கு முதலில் 40 வைத்திருந்தேன். அதையே திரும்பத் திரும்பச் செய்து ஆட்டத்தை இழுத்தடித்தார். 15க்கு இறக்கி, மிச்சத்தைப் பூட்டுப்பிடிகளுக்குப் பிரித்ததும் ஆளே மாறிவிட்டார்: காலைப் பிடித்து முறுக்கி, கிங்காங்கை அலறவைத்து, கூட்டம் சூடேறியதும் ஒரே தூக்கு. அந்த ஆட்டத்துக்கு வந்த மதிப்பெண்ணைவிட, ‘இவர் இப்படித்தான் ஆடியிருப்பார்’ என்று எனக்கே தோன்றியதுதான் பெரிதாக இருந்தது.

பொறுமை இல்லாதவர்களுக்கு, ரசிகர்கள் தாங்கள் உருவாக்கியதைப் பகிர்ந்துகொள்ளும் ஸ்டீம் வொர்க்‌ஷாப் இருக்கிறது. அந்தக் கால ஜப்பானிய வீரர் ரிக்கிடோசான் முதல் இன்றைய டபிள்யூடபிள்யூஈ நட்சத்திரங்கள் வரை ரசிகர்கள் உருவாக்கிய வீரர்கள் இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறார்கள். ரிங், நடுவர், பெல்ட் எல்லாம் கூடக் கிடைக்கும். கையைக் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள், கண்டதையும் இறக்கிக் குவித்தால் கேம் திறப்பதற்குள் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்துவிடலாம்.

இனி குறைகள். கொஞ்சமில்லை.

கற்றுக்கொடுப்பதில் மகா கஞ்சத்தனம். பயிற்சிக்கென்று சில மிஷன்கள் உண்டு, பிடியின் டைமிங்கை அதில் ஒருமாதிரி சொல்லிக்கொடுக்கிறார்கள். லாஜிக் திரைக்கோ விளக்கமே இல்லை என்று சொல்லலாம். கேமின் உயிரே அங்கேதான் இருக்கிறது, அதை ரசிகர்களின் வீடியோக்களைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். கன்ட்ரோலரில் ஒவ்வொரு எண்ணாக ஏற்றி இறக்கி 100க்குக் கொண்டுவருவதற்குள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

ரிங் திரையில் சாய்வாக, வைர வடிவில் கிடக்கிறது. எதிராளிக்கு நேர்க்கோட்டில் நிற்கிறோமா என்பது கண்ணுக்குத் தெரியாது. ஓடிப்போய் அடித்தால் பக்கத்தில் காற்றைத்தான் அடிப்போம். நான்கு பேர் மோதும் ஆட்டத்தில் யார் யாரைப் பிடித்தார்கள் என்றே குழப்பம்.

வர்ணனை கிடையாது. ஜிம் ராஸ் கத்துவதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த அமைதி உறுத்தும், நான் பாட்டைப் போட்டுவிடுவேன். வீரர்கள் ரிங்குக்கு வரும் அறிமுக நடை வெறும் சம்பிரதாயம், அதைச் சிங்காரிக்க வேண்டுமென்றால் தனிக் காசு. முள்கம்பி, கண்ணிவெடி, இரும்புக் கூண்டு என்று ஜப்பானிய டெத்மேட்ச் விபரீதங்கள் இருக்கின்றன, சாதாரண ஏணிச் சண்டையும் மேஜைச் சண்டையும் இல்லை. எட்ஜ், ஹார்டி சகோதரர்கள் ரசிகர்களுக்கு இது பெரிய ஏமாற்றம்.

தனியாக ஆடுபவர்களுக்கான கதைப் பகுதியும் கணினியில் கூடுதல் விலைதான். நியூ ஜப்பான் என்ற ஜப்பானிய மல்யுத்த நிறுவனத்தின் தொகுப்பு வாங்கினால் ஒகாடா, தனஹாஷி, நைட்டோ, கென்னி ஒமேகா எல்லாம் நிஜப் பெயரோடு வருகிறார்கள். கூடவே ‘ஃபைட்டிங் ரோட்’: பயிற்சிக்கூடத்தில் இளம் வீரனாகச் சேர்ந்து மேலே வரும் கதை. எழுத்து அதிகம், வாசித்துக்கொண்டே போக வேண்டும், ஆனால் டைமிங் பழக நல்ல இடம். ‘ஃபயர் ப்ரோமோட்டர்’ என்ற இன்னொரு தொகுப்பில் கம்பெனி நடத்தலாம். ஆள் எடு, ஊர் ஊராக நிகழ்ச்சி போடு, கணக்குப் பார், மறுபடி ஆள் எடு. எனக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. ஆன்லைன் ஆட்டத்தைப் பற்றிப் பேச அதிகமில்லை. கண நேர டைமிங்கை நம்பிய கேமில் நெட் கொஞ்சம் இழுத்தாலும் திறமைக்கு அங்கே வேலையில்லை.

வாங்குவதென்றால் கணினியில் வாங்குங்கள், வொர்க்‌ஷாப் இல்லாமல் இதன் பாதி சுவை போய்விடும். அவ்வப்போது தள்ளுபடி வரும், அதுவரை பொறுக்கலாம். முதலில் அடிப்படை கேம் மட்டும். பிடியின் டைமிங் கைக்கு வந்த பிறகு நியூ ஜப்பான் தொகுப்பு. ப்ரோமோட்டருக்குக் காசு மிச்சமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.