நின்றபடி பட்ட மரமா, விழுந்து கிடப்பதா?
பாலாற்றங்கரையில் பட்டுப்போன வேலமரம் ஒன்று நிற்கிறது. பக்கத்தில் இன்னொன்று விழுந்து கிடக்கிறது. அடுப்பு விறகுக்கு நான் நிற்பதைத்தான் எடுப்பேன். வேலூர் வெயிலும் காற்றும் அதை எல்லாப் பக்கமும் உலர்த்துகின்றன. விழுந்தது மண்ணின் ஈரத்தை இழுத்து, அடிப்பக்கம் பூஞ்சை பிடித்து உளுத்துவிடும். தரையில் படாத கிளைகள் மட்டும் தேறும்.

ஆனால் நிற்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். விரல் பருமன் கிளை பட்டென்று ஒடியும். ஆனாலும் அடிமரத்துக்குள் ஈரம் மாதக்கணக்கில் தங்கியிருக்கும். கோடரியால் பிளந்து, உள்முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் ஈரம். இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானி இருந்தால் பிளந்த முகத்தில் குத்துங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எரிக்கலாம். ஈர விறகு முனையில் நுரை தள்ளும். அந்தப் புகையில் அம்மா கண்ணைக் கசக்கியபடி சமைத்ததை நான் மறக்கவில்லை.