டேங்க் பார்த்து அடையாளம் சொல்லும் ஒரு நாள் வகுப்பு: டர்பனில் போய்வந்த அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், மெர்பேங்க் பகுதியில் குடியிருக்கிறவர்களுக்கு எண்ணெய், கேஸ் சேமிக்கும் டேங்க் ஒன்றும் புதிதில்லை. மாடியில் துணி காயப்போட ஏறினால் தெரியும், பக்கத்துப் பகுதியான பிளஃப் பக்கம் பஸ்ஸில் போனால் வரிசையாகத் தெரியும், 11 வருடமாக நானும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், ஆனால் என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான், எண்ணெய் டேங்க். 2020 டிசம்பர் 4 காலையில் எங்கள் வட்டாரத்துச் சுத்திகரிப்பு ஆலையில் வெடித்தபோது பக்கத்து வீட்டு மாமா வாசலுக்கு ஓடிவந்து "தம்பி, எந்த டேங்க்? கேஸா, எண்ணெயா?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வி மனதிலேயே கிடந்தது.

இப்போது அருகிலுள்ள ஜேக்கப்ஸ் பகுதியில் ஒரு லாரி யார்டில் கேட் வேலை. டேங்கின் உருவத்தைப் பார்த்து உள்ளே என்ன என்று சொல்லக் கற்றுக்கொள்ள, கம்பெனி பணம் கட்டி ஒரு தனியார் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பியது. சனிக்கிழமை காலை 8 முதல் மாலை 4 வரை, ஆளுக்கு 1,950 ராண்ட். கீழே இரண்டு மூன்று குறை சொல்லப்போகிறேன் என்பதால் நிலையத்தின் பெயரைப் போடவில்லை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். சொல்லிக்கொடுத்தவர் தீயணைப்புப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். வந்ததும் திரையில் ஒரு டேங்க் படம் போட்டார், பெயர், எண், எச்சரிக்கைப் பலகை எல்லாவற்றையும் அழித்துவிட்டு. "இதிலிருந்து புகை வருகிறது, நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்பீர்கள்?" என்றார். ஆளுக்கொரு பதில். அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் நாள் முழுக்க ஓடிய விஷயம்: பலகை எரிந்துபோகலாம், புகையில் மறையலாம், உருவம் மறையாது, உருவம் உள்ளே இருக்கும் அழுத்தத்தைச் சொல்லிவிடும்.

நட்டுக்குத்தாக நிற்கும் பெரிய டேங்க், மேலே தட்டையாகவோ கூம்பாகவோ கூரை இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய கிடையாது. டீசல், மசகு எண்ணெய் மாதிரி திரவங்கள். அந்தக் கூம்புக் கூரை சுவரோடு சேரும் இடத்தை வேண்டுமென்றே பலவீனமாக வைத்திருப்பார்களாம், உள்ளே வெடித்தால் கூரை மட்டும் பிய்ந்து போகும், அடிப்பாகம் கிழிந்து எண்ணெய் தெருவுக்கு வராது. இதைக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே ஆச்சரியம். கூரையே இல்லாதது போல் மேலே திறந்து, உச்சியில் சுற்றிலும் ஒரு நடைபாதை மாதிரி இரும்பு வளையம் தெரிந்தால் அது மிதக்கும் கூரை. கச்சா எண்ணெய் பெரும்பாலும் இதில்தான். கூரை எண்ணெய் மேலேயே படகு போல மிதக்கும், நடுவில் ஆவி சேர இடமே இருக்காது.

ஏமாற்றுவது மூன்றாவது வகை. கூம்புக் கூரையும் இருக்கும், உள்ளே மிதக்கும் கூரையும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் டீசல் டேங்க் மாதிரியே நிற்கும், ஆனால் உள்ளே பெட்ரோல் இருக்கலாம். சுவரின் உச்சியில் வரிசையாகக் காற்றுத் திறப்புகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், அதுதான் அடையாளம். மதியம் 12 படங்களைக் காட்டிச் சோதித்தபோது பாதிப் பேர் இதில்தான் தவறினோம். திரும்பத் திரும்பக் காட்டினார், அலுத்துக்கொள்ளவே இல்லை. இந்த ஒரு பாடத்துக்காகவே காசு தகும் என்பேன்.

அப்புறம் உருண்டை. கால்கள் மேல் நிற்கும் பந்து, அல்லது இரண்டு முனையும் அரைப்பந்தாக வளைந்து படுத்திருக்கும் புல்லட் டேங்க். அழுத்தம் உள்ள பொருளுக்கு மூலை ஆகாது, அதனால்தான் வளைவு. அழுத்தத்தை பார் என்ற அளவில் சொல்வார்கள்: கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பார் சொச்சம், சாதாரண வெயிலில் நிற்கும் புரொப்பேன் (சமையல் கேஸில் உள்ள வாயு) டேங்கில் 7 பாருக்கு மேல். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் சுமார் 270 லிட்டர் வாயுவாக விரியும், அது காற்றைவிட கனம், தரையோடு தவழ்ந்து சாக்கடைக்குள் இறங்கும். நெருப்பு பட்டால் திரவம் இருக்கும் மட்டத்துக்கு மேலே உள்ள இரும்புதான் முதலில் இளகும். 1984 நவம்பர் 19 மெக்சிகோ நகரத்துக்குப் பக்கத்தில் நடந்த விபத்தைக் காட்டினார், சுமார் 500 பேர் இறந்தார்கள், ஒரு புல்லட் டேங்க் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் பறந்து போய் விழுந்தது.

இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். மெக்சிகோவுக்கு அரை மணி நேரம், 2022 டிசம்பர் 24 பாக்ஸ்பர்க்குக்கு இரண்டு நிமிடம். நம் நாட்டில், தாழ்ந்த பாலத்தின் கீழ் எல்பிஜி (சமையல் கேஸ்) லாரி சிக்கி வெடித்து, பக்கத்து ஆஸ்பத்திரி ஊழியர்கள் உட்பட 40 பேருக்கு மேல் செத்தார்கள். பார்க்க வந்து நின்றவர்களும் அதில் உண்டு. முனை உருண்டையாக இருந்தால் வேடிக்கை பார்க்க நிற்காதே என்று சொல்வதற்கு இதைவிட வேறு பாடம் எதற்கு? எடுத்துச் சொல்ல வேண்டியதை ஓட்டிவிட்டார்.

லாரி டேங்கர் பகுதியும் அப்படித்தான். டேங்கர் வகைகளுக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் எண்கள், 406, 407, 412 என்று ஒரு மணி நேரம் மனப்பாடம். உருவ விஷயம் சரி: முட்டை வடிவம் என்றால் பெட்ரோல், டீசல், ஒல்லியாக, சுற்றிலும் வளையங்களோடு இருந்தால் அமிலம். கந்தக அமிலம் ஒரு லிட்டரே 1.84 கிலோ, அதனால் டேங்க் ஒல்லியாகத்தான் இருக்க முடியும். ஆனால் என் கேட்டுக்கு வரும் லாரியில் நான் பார்ப்பது பலகையில் உள்ள ஐ.நா. எண்ணைத்தான் (உள்ளே என்ன பொருள் என்று சொல்லும் எண்), பெட்ரோலுக்கு 1203, டீசலுக்கு 1202, எல்பிஜிக்கு 1075. அந்தப் பட்டியலை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கலாம். கேட்டேன், மின்னஞ்சலில் அனுப்புவதாகச் சொன்னார்கள், மூன்று வாரம் ஆகிறது.

பெட்ரோல் பங்கில் பூமிக்கடியில் இருக்கும் டேங்க் பற்றி ஒரே ஒரு படம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வெள்ளையாக உயர்ந்து நிற்கும் ஆக்சிஜன் டேங்க், கீழே குழாயில் உறைபனி படிந்திருக்குமே, அது மைனஸ் 183 டிகிரி என்பதை நல்லபடி விளக்கினார்.

கேட், கிடங்கு, தோட்டக்காரர், தெருக் காவல் குழு, யாராக இருந்தாலும் போகலாம். பாஸ் மார்க் எல்லாம் கடினமில்லை. மறுநாள் மாமாவை மாடிக்குக் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் காட்டினேன், ஒரு மணி நேரம் இறங்கவே விடவில்லை. புரட்டாசியில் போகிறவர்கள் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், நாங்கள் போன சனிக்கிழமை அங்கே சாப்பிட இருந்தது கோழிக்கறி வைத்துச் சுட்ட பை (pie) மட்டும்தான், சைவம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியும்.