பெரிய நாசில் போட்டு ட்யூனிங் செய்து தருகிறோம் என்பவர்களிடம் எச்சரிக்கை

சொந்தமாக லாரி வைத்து ஓட்டுகிறவர்கள் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். சேலம் பக்கம் ஒரு பட்டறையில் என் பத்துச் சக்கர பிஎஸ் 4 வண்டிக்குப் பெரிய இன்ஜெக்டர் நாசில் (சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் துளையுள்ள நுனி) மாட்டி, அதற்கேற்ப இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசிஎம்மில் ட்யூனிங்கும் செய்து தருவதாகச் சொல்லி முழுப் பணத்தையும் முன்னதாகவே வாங்கிக்கொண்டார்கள். நாசில் மாறியது உண்மை. ட்யூனிங் நடக்கவே இல்லை.

முதலில் இழுவை அபாரமாகத்தான் இருந்தது. தொப்பூர் ஏற்றத்தில் முழு லோடோடு ஒரு கியர் குறைக்காமலே ஏறியது. ஆனால் பின்னால் வந்தவர்களுக்குச் சாலையே தெரிந்திருக்காது, அவ்வளவு கரும்புகை. கேட்டதற்கு, “புது நாசில்தானே அண்ணா, ஓட ஓடச் சரியாகிவிடும்” என்றார் பட்டறைக்காரர். நாசில் என்ன புதுச் செருப்பா, போடப் போடப் பழகுவதற்கு? வண்டி நின்றபடி இன்ஜின் ஐடிலில் ஓடும்போது கேபினே நடுங்கியது. டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. விரலில் தேய்த்தால் பிசுக்கே இல்லை, டீசல் வாடை. எரியாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு, அடியில் ஆயில் தங்கும் சம்ப்பில் இறங்கியிருந்தது.

வேறொரு டீசல் பம்ப் கடையில் காட்டினேன். இன்ஜெக்டர்களுக்கு அழுத்தத்தோடு டீசல் தரும் குழாய்தான் ரெயில். அந்த மெக்கானிக் ரெயில் பிரஷர் சென்சார் ஒயரைத் தடவிக்கொண்டே போய், கறுப்பு டேப் சுற்றிய தீப்பெட்டி அளவுப் பெட்டி ஒன்றை வெளியே இழுத்தார். ரெயிலில் அழுத்தம் குறைவு என்று இசிஎம்முக்குப் பொய் சொல்வதுதான் அதன் வேலை. அதை நம்பி இசிஎம் அழுத்தத்தை இன்னும் ஏற்றும். துளை பெரிதானால் டீசல் தெளிக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். இவர்களோ அழுத்தத்தையும் கூட்டிவைத்திருந்தார்கள். ஒவ்வோர் இன்ஜெக்டரும் எப்படித் தெளிக்கும் என்பதை இசிஎம்முக்குச் சொல்ல அதன் தலையில் ஓர் எண் இருக்கும். ஸ்கேனர் போட்டதில் அப்படிப் பொறித்திருந்த எண் ஒன்றுகூட இசிஎம்மில் இல்லை, பழைய எண்களே இருந்தன. தெளிப்பை அளக்கும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றினால் ஒவ்வொரு நாசிலும் ஒவ்வோர் அளவு ஊற்றியது. ஏதோ பழைய நாசில்களைத் துளை அகட்டிப் புதிது என்று விற்றிருக்கிறார்கள். கேமரா விட்டுப் பார்த்தபோது ஒரு பிஸ்டனின் தலை விளிம்பு அரித்துப்போயிருந்தது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். ஏற்றத்தில் டீசல் மிஞ்சினால் சிலிண்டருக்குள் வெப்பம் எங்கே போய் நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

முறையான ட்யூனிங் என்றால் முதலில் இன்ஜெக்டர் எண்களை ஏற்றுவார்கள். பிறகு ஐடிலிலும், முக்கியத் தெளிப்புக்குச் சற்று முன் விடும் சிறு முன்தெளிப்பிலும் டீசல் அளவைக் குறைப்பார்கள். டர்போ எவ்வளவு காற்று தருகிறதோ அதற்கு மேல் டீசல் போகாதபடி வரம்பு வைப்பார்கள். லோடு ஏற்றி ஓட்டி, புகைக்குழாய் வெப்பத்தையும் அளந்து பார்ப்பார்கள். பெட்டி மாட்டியவர்கள் இதில் ஒன்றையும் செய்யவில்லை. செய்யத் தெரியுமா என்பதே சந்தேகம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “ஓவர்லோடு ஏற்றினால் இப்படித்தான்” என்று பழியை என் மேல் திருப்பினார்கள். பில்லில் “இன்ஜெக்டர் வேலை” என்ற இரண்டே சொற்கள். பிழைப்புக்காகத் தானே வண்டி ஓட்டுகிறவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. நான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எங்கே வேலை கொடுத்தாலும் நாசில் எண், பெஞ்ச் ரிப்போர்ட், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேனர் பிரின்ட் மூன்றையும் பில்லோடு வாங்காமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.